ஆகாயக் காட்டுக்கு நாலாவது போர்வெல்

நார்மனுக்குத் தமிழ் தெரியும் என்பதுதான் எல்லா வம்புக்கும் ஆரம்பம். புனேயின் ஹடப்சரில் அதை ஒரு தகுதியாக அதுவரை யாரும் மதித்ததில்லை. நிர்ஜர் ஹைட்ஸ் குடியிருப்பில் அவருக்கு 'சவுத் இந்தியன் அங்கிள்' என்று பெயர். கோர்படியில் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். காலம் முழுக்க குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, கடைசியில் கைக்கு வந்ததையெல்லாம் போட்டு இங்கே நாலாவது மாடியில் ஒரு வீடு வாங்கினார். சொந்த வீட்டில், சொந்தக் குளியலறையில், கதவை யாரும் தட்டாமல் நிதானமாகக் குளிக்க வேண்டும் என்பது அவர் மனைவி பாக்கியவதியின் வாழ்நாள் ஆசை. அவள் வேறு எதையும் அவரிடம் கேட்டதில்லை.

நிர்ஜர் என்றால் மராத்தியில் அருவி. புனேயில் பில்டர்கள் எதை மூடிவிட்டுக் கட்டுகிறார்களோ அதன் பெயரையே கட்டடத்துக்கு வைத்துவிடுவார்கள். அந்த மட்டில் மரியாதை தெரிந்தவர்கள். மாநகராட்சிக் குழாய் நிர்ஜர் ஹைட்ஸுக்கு 'வந்துகொண்டிருந்தது'. அது வந்து சேரும்வரை ஒரே ஒரு போர்வெல்தான் எல்லோருக்கும் கதி. அதுவும் பாக்கியவதி ஆசைப்பட்டபடி நன்றாகத்தான் ஓடியது, காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் ககன்லீலா வந்து உட்காரும் வரை.

ககன்லீலா ஒரு விளையாட்டுக் கம்பெனி. மைதானமோ பந்தோ கிடையாது. விளையாடுகிறவன் தன் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு டி.வி.யைப் பார்ப்பான். அவன் சுடுவது, ஓடுவது, செத்து மறுபடி பிழைப்பது எல்லாம் ஹடப்சரில் இருக்கும் ராட்சத இயந்திரங்களுக்குள் நடக்கும். அங்கே வரைந்த படம் மட்டும் இணையத்தில் ஓடி அவன் வீட்டுத் திரைக்குப் போகும். மேகத்தில் விளையாட்டு என்று அதற்குப் பெயர். மேகத்தில் ஓடும் இயந்திரம் பூமியில்தான் சூடாகும். அதைக் குளிர வைக்கத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் கட்டடத்தின் உச்சியிலிருந்து இரவும் பகலும் ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது மேகம் மாதிரியே தெரியும்.

ககன்லீலாவுக்கு இரண்டு போர்வெல் இருந்தவரை குடியிருப்பில் எப்படியோ பிழைப்பு ஓடியது. மூன்றாவதைப் போட்டார்கள். நிர்ஜர் ஹைட்ஸின் குழாய்கள் இருமின, சேற்றைத் துப்பின, பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டன. டேங்கர் வந்து தரைத்தளத் தொட்டியில் கொட்டும். அதை மேலே ஏற்றும் அளவுக்குத் தொட்டி நிறையாது. ஆகவே ஆளாளுக்கு பக்கெட்டுடன் லிஃப்டில் ஏறி இறங்கினார்கள். பாக்கியவதிக்கு முழங்கால் வலி. நார்மன் தூக்கினார். அழுக்குத் துணிகளை மூட்டை கட்டி ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு கோர்படிக்குப் போய், தங்கை ஜெரால்டின் வீட்டில் துவைத்துக்கொண்டு வந்தாள் பாக்கியவதி. சொந்த வீட்டுக்காரி தங்கை வீட்டுப் புழக்கடையில் துவைப்பதை அவள் அவமானமாகவே நினைத்தாள். அது நார்மனுக்குத் தெரிந்தது.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு குடியிருப்போர் சொசைட்டிக் கூட்டம் நடந்தது. சேர்மன் சுனில் போனில் எதையோ தேடிப் பிடித்து வாசித்தார். ககன்லீலாவில் 'நிலைத்தன்மைத் துறை' என்று ஒன்று இருக்கிறதாம். பூமியையும் கம்பெனியையும் ஒரே நேரத்தில் கெடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதன் தலைவர் கோகுல்நாத், தமிழ்நாட்டுக்காரர். மொத்தக் கூட்டமும் நார்மன் பக்கம் திரும்பியது.

"நார்மன் சாப், ஆப்கா ஹீ ஆத்மி ஹை," என்றார் சுனில். உங்கள் ஆள்தானே என்று அர்த்தம்.

கோகுல்நாத்தின் பொள்ளாச்சிக்கும் தன்னுடைய நாசரேத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை ஹடப்சரில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. நார்மனும் மறுக்கவில்லை. உள்ளுக்குள் அவருக்கே ஒரு சபலம் இருந்தது. நம் ஊர்க்காரன், நம் பாஷை, மனம்விட்டுப் பேசினால் இறங்காமலா போவான்? கேட்கப்போவதும் சின்ன விஷயம்தான். மழை வரும்வரை அந்த மூன்றாவது போர்வெல்லை மட்டும் நிறுத்த வேண்டும்.

பாக்கியவதி சலவைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "வளவளன்னு பேசாதீங்க. தண்ணி வேணும், அவ்வளவுதான்னு சொல்லுங்க. அவிய காப்பி கொடுத்தா குடிச்சிட்டு அப்படியே வந்திராதீங்க."

ககன்லீலாவில் காப்பி கொடுக்கவில்லை. சால்வை போட்டார்கள்.

புனேயில் எந்தக் கூட்டமும் சத்காரம் இல்லாமல் தொடங்காது. சால்வை, தேங்காய், ஒரு பூச்செண்டு. பள்ளிக்கூட ஆண்டு விழாவிலிருந்து பல் ஆஸ்பத்திரித் திறப்பு விழா வரைக்கும் இதுதான் முறை. ஆனால் புகார் சொல்ல வந்தவனுக்கு சத்காரம் செய்வது ககன்லீலாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. வாசலில் வைத்தே நார்மனுக்குச் சால்வையைப் போர்த்தி, கையில் தேங்காயைக் கொடுத்து, கோகுல்நாத்துடன் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். இரண்டு கையிலும் சாமான் இருக்கும் மனிதனால் கையை நீட்டிப் பேச முடியாது என்பதை நார்மன் அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

"சாருக்கு எந்த ஊருங்க?" என்றார் கோகுல்நாத். நாற்பதைத் தாண்டாத, கொழுகொழுவென்ற, சிரித்த முகம்.

"நாசரேத் பக்கம். வந்து ரொம்ப காலம் ஆச்சு."

"எனக்குப் பொள்ளாச்சிங்க. தமிழ்ல பேசி எத்தனை நாளாச்சு தெரியுங்களா? இங்கே வாயத் தொறந்தா இந்தி, இல்லீன்னா இங்கிலீசு. நாக்கே மரத்துப்போச்சுங்க."

"தம்பி, நான் தண்ணி விஷயமா வந்திருக்கேன்."

"தண்ணிங்களா? வாங்க, தண்ணியவே காட்டறேன்."

அவர் அழைத்துப் போன அறையில் ஒரு சுவர் முழுக்கத் திரை. அதில் ஓர் அருவி கொட்டியது. நார்மன் குற்றாலத்தைப் பார்த்தவர். இது அதைவிட அழகாக இருந்ததை அவரால் மறுக்க முடியவில்லை. பாறையில் பட்டுத் தெறிக்கிற திவலை ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது. அவருக்கு அன்று காலை குளிக்கத் தண்ணீர் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முன்னெல்லாம் கேம்ல அருவின்னா வெள்ளைத் துணியத் தொங்கவிட்ட மாதிரி இருக்குமுங்க," என்றார் கோகுல்நாத். "இதுல சொட்டுக்குச் சொட்டு தனிக் கணக்கு. எங்க மெசின் அத்தனையும் சேர்ந்து முக்கினாத்தான் இந்த அருவி விழும்."

"அது சரி. இந்த அருவி விழுகதுக்கு மாடியில எவ்வளவு தண்ணி ஆவியாப் போவுது?"

கோகுல்நாத் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். நார்மனின் கையை, தேங்காயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கேள்வி இருக்குதே, இதத்தானுங்க எங்க கம்பெனி தினமும் தன்னையே கேட்டுக்குது. கேட்கறதுக்குன்னே ஒரு டிபார்ட்மெண்ட் வெச்சிருக்கோம். பதில் சொல்றதுக்கு இன்னும் ஆள் எடுக்கல."

மூன்றாவது போர்வெல் விஷயத்தைக் கமிட்டியில் வைப்பதாக வாக்குக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. நார்மனைப் போல அக்கறையுள்ளவர்கள் வெளியே நிற்கக்கூடாது, உள்ளே வர வேண்டும் என்று சொல்லி, அந்தக் கமிட்டியிலேயே அவரை மக்கள் பிரதிநிதியாகப் போட்டுவிட்டார். நார்மன் சால்வையும் தேங்காயுமாக வீடு திரும்பினார். பாக்கியவதி தேங்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயாவது தண்ணி இருக்கு," என்றாள்.

நிலைத்தன்மைக் கமிட்டி விளையாட்டுக்குள் கூடுவது வழக்கம். ஆட்கள் காரில் வந்து போனால் பெட்ரோல் செலவு, புகை. அதனால் எல்லாரும் அவரவர் இருந்த இடத்திலிருந்தே விளையாட்டுக்குள் நுழைந்து, 'ஹரித்வனம்' என்ற கற்பனைக் கிராமத்தில் கிணற்றடியில் கூடுவார்கள். நார்மன், தான் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன், நடந்தே வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். நடந்து வருகிறவர்களின் வருகை பதிவாகாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அவருக்கு ஒரு பெட்டியும் கைப்பிடியும் வந்தன. அவர் வீட்டு டி.வி. அதற்கு ஒத்துவராத பழைய டி.வி. என்பதால் புது டி.வி. ஒன்றும் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழையதை, மின்குப்பையைக் குறைக்கும் திட்டத்தின் கீழ் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் வரைந்த ஹரித்வனம், மும்பை வரைக்கும் போய்த் திரும்பி, சுவருக்கு இந்தப் பக்கம் நார்மன் வீட்டில் தெரிந்தது. அதில் நார்மன் தலைப்பாகை கட்டிய விவசாயி. தோளில் கோடரி. கிணறு தளும்பத் தளும்ப இருந்தது. கமிட்டி உறுப்பினர்கள் எல்லாம் குதிரையிலும் கழுகின் மேலும் வந்து இறங்கினார்கள்.

அன்று முதல் விஷயம் மரம். விளையாடுகிறவன் விளையாடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஹரித்வனத்தில் ஒரு மரம் முளைக்கும். இது கோகுல்நாத்தின் சொந்த யோசனை. அப்படி முளைத்த மரங்கள் லட்சத்தைத் தாண்டிவிட்டதால், அவற்றுக்கு முறைப்படி காடு என்று சான்றிதழ் வாங்குவதென்று தீர்மானித்தார்கள். இரண்டாவது விஷயம் போர்வெல். நார்மன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மூன்றாவது போர்வெல்லைப் பொறுத்தவரையில்," என்று ஆரம்பித்தார்.

மின்சாரம் போய்விட்டது.

சாயங்கால வேளை. ஊர் முழுக்க வேலை முடிந்து வந்து விளையாட உட்காருகிற நேரம். அந்த நேரத்தில் ககன்லீலா இழுக்கும் மின்சாரத்துக்கு லைன் தாங்காது. தாங்காதபோது முதலில் போவது நிர்ஜர் ஹைட்ஸ்தான். நார்மன் கறுத்துப்போன திரைமுன் கைப்பிடியுடன் உட்கார்ந்திருந்தார். மின்சாரம் திரும்பி வந்தபோது கிணற்றடியில் ஒருவரும் இல்லை.

ஓட்டுகிறவன் போய்விட்டாலும் விளையாட்டில் பொம்மை அங்கேயேதான் நிற்கும். பிணம் மாதிரி விறைத்து நின்றால் பார்க்க நன்றாக இருக்காதே என்று, அதை மூச்சு விடவும், மெல்லத் தலையை ஆட்டவும் செய்திருந்தார்கள். நார்மன் இருட்டில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, ஹரித்வனத்தில் அவர் பொம்மை நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்று போர்வெல் போதவில்லை, நாலாவது போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். ஆட்டியிருக்கிறது. மக்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டபோதும் ஆட்டியிருக்கிறது. ஆட்சேபணை உண்டு என்றல்லவா அதற்கு அர்த்தம் என்று நார்மன் பிறகு வாதாடிப் பார்த்தார். அதை உற்சாகம் என்று பதிவு செய்துவிட்டதாகப் பதில் வந்தது.

'மக்கள் பிரதிநிதி நார்மன் அவர்களின் மனப்பூர்வமான சம்மதத்துடன்' என்ற வரி, சால்வைப் படத்தோடு, மறுநாள் காலை சொசைட்டி வாட்ஸாப்பில் வந்து விழுந்தது. போட்டவர் சுனில். கீழே அவர் ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நார்மன் பதில் சொல்லியிருப்பார்.

அன்றிலிருந்து நார்மன் பக்கெட்டுடன் லிஃப்டில் ஏறினால் பேச்சு நின்றுவிடும். பழைய அலுவலக நண்பர்களைவிட நெருக்கமாகப் பழகியவர்கள், லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார்கள். முதல் மாடியில் ஒரு பெண் வாய்விட்டே கேட்டாள், அங்கிள், உங்களுக்கு மட்டும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பைப் வருகிறதா என்று. நார்மன் கையிலிருந்த பக்கெட்டைக் காட்டினார். அதுவும் நடிப்பு என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. ராணுவ ஒர்க்‌ஷாப்பில் ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதருக்கு அது நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது.

"நீங்க போயிருக்கவே கூடாது," என்றாள் பாக்கியவதி. "தமிழ் பேசுதான்னதும் உருகிட்டீங்க. தமிழ்ல சொன்னா மட்டும் இல்லைங்கிறது உண்டுன்னு ஆயிருமா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே. கரண்டு போயிட்டு."

"அதத்தான் நானும் சொல்லுதேன். ஒண்ணும் சொல்லாமலே நாலாவது போர் வந்துட்டு. சொல்லியிருந்தா எத்தனை வந்திருக்குமோ."

நாலாவது போர்வெல் போட்டபோது மண் அதிர்ந்ததில் நிர்ஜர் ஹைட்ஸ் சுவரில் விரிசல் விட்டது. விழுந்த காரையைப் பெருக்கித் துடைக்கவும் தண்ணீர் இல்லை.

சான்றிதழ் விழா தடபுடலாக நடந்தது. டெல்லியிலிருந்து ஒரு தணிக்கையாளர் விமானத்தில் வந்திருந்தார். பெரிய மண்டபம், குத்துவிளக்கு, நார்மனுக்கு இன்னொரு சால்வை. மேடையில் மக்கள் பிரதிநிதிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். இந்த முறை மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் உடைத்துச் சொல்லிவிடுவது என்ற முடிவுடன்தான் நார்மன் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன் கோகுல்நாத் பேசினார். ஆங்கிலத்தில் பேசியதைக் கைதட்டலுக்கு நடுவே குனிந்து நார்மனுக்குத் தமிழிலும் சொல்லிக்கொண்டே போனார். ஊர்க்காரர் என்ற பாசம்.

"நம்மளால உலகத்துக்கு என்ன லாபம்னு கேக்கறாங்க. முன்ன ஒவ்வொருத்தன் வீட்லயும் ஒரு விளையாட்டுப் பொட்டி இருந்துச்சுங்க. அதையெல்லாம் நாம ஒழிச்சிட்டோம். அந்தப் பொட்டி ஏழெட்டு வருசம் உழைக்கும். நம்ம மெசினு ரெண்டு வருசத்துல பழசாயிடும். ஆனா தூக்கிப் போடறத யாரும் பாக்கறதில்லை. கண்ணுல படாத குப்பை குப்பையே இல்லீங்க."

கைதட்டினார்கள்.

"அடுத்து லாப நஷ்டம். ஒருத்தன் விளையாட வந்தா, அவன் கட்டற சந்தாவ விட அவனுக்கு ஆகற கரண்டுச் செலவு சாஸ்தி. வராம இருந்தா மெசினு சும்மா ஓடும், அதுலயும் நஷ்டம். வந்தாலும் நஷ்டம், வராட்டியும் நஷ்டம். இப்படி ஒரு சமநிலைக்கு வர்றதுக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தானுங்க தெரியும். சந்தையில எது ஏறினாலும் இறங்கினாலும் எங்க நஷ்டம் அசையறதில்லை. நிலைத்தன்மைன்னா வேற என்னங்க?"

தணிக்கையாளர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். அவர் பொம்மை அல்ல, நிஜ ஆள் என்பதை நார்மன் உறுதிப்படுத்திக்கொண்டார்.

பிறகு நார்மன் எழுந்தார். தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். நான் எதற்கும் சம்மதிக்கவில்லை. எங்கள் குழாயில் தண்ணீர் இல்லை. என் மனைவி முழங்கால் வலியோடு தங்கை வீட்டில் போய்த் துவைக்கிறாள். ஒரு போர்வெல்லையாவது நிறுத்துங்கள். பேசி முடித்தபோது அவர் குரல் உடைந்துவிட்டது. தணிக்கையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக்கூட நார்மன் பார்த்தார். அவர் எழுதிய அறிக்கையில் அந்தப் பேச்சு ஒரு வரியாக இடம்பெற்றது: 'நீர்வளம் தொடர்பாக உள்ளூர் மக்கள் ஆழ்ந்த ஈடுபாடு காட்டினர்.' காட்டுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது.

கொஞ்ச நாளில் யாரும் எதிர்பாராத நல்லது நடந்தது. ககன்லீலா மூழ்கிவிட்டது. அசையாத நஷ்டத்தை எத்தனை காலம் பொறுப்பது என்று முதலாளிகளுக்கே அலுத்துவிட்டதாம். மாத முடிவோடு விளையாட்டு நிறுத்தம் என்று அறிவிப்பு வந்தது. காசு கட்டிச் சேர்த்த விளையாட்டுகள் எல்லாம் ஒரே நாளில் காற்றோடு போனதே என்று நாடெங்கும் விளையாடுகிறவர்கள் ஒப்பாரி வைத்தார்கள். நிர்ஜர் ஹைட்ஸில் சுனில் பேடா கொடுத்தார். நார்மன் வீட்டுக்கு அவரே ஏறி வந்து, வாயில் ஊட்டிவிட்டு, கட்டிப்பிடித்துக்கொண்டார். பாக்கியவதி கோர்படிக்குக் கொண்டுபோகவிருந்த துணி மூட்டையை அவிழ்த்து, இனி இங்கேயே துவைக்கலாம் என்று குளியலறையில் கொண்டுபோய் வைத்தாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்த நார்மனுக்கு அழுகை வந்தது.

மாதம் முடிந்தது. ககன்லீலாவின் வாசலில் ஆள் நடமாட்டம் இல்லை. பெயர்ப்பலகையைக்கூட இறக்கிவிட்டார்கள். ஆனால் மாடியில் ஆவி நின்றபாடில்லை. நாலு போர்வெல்லும் ஓடின. மூட்டை குளியலறையிலேயே கிடந்து நாற ஆரம்பித்தது. நார்மன் போய்ப் பார்த்தார். கோகுல்நாத் அதே அறையில் உட்கார்ந்திருந்தார். வாசலில் இப்போது 'வனக்காப்பாளர்' என்று எழுதியிருந்தது.

"விளையாட்டுத்தான் மூடிட்டாங்களே தம்பி. மெசின் எதுக்கு ஓடுது?"

"காட்டுக்குங்க."

"எந்தக் காட்டுக்கு?"

"ஹரித்வனத்துக்குங்க. அதுக்குத்தான் சர்டிபிகேட் வாங்கிட்டோமே. அந்த மரத்தையெல்லாம் கணக்கு பண்ணி ஒரு சிமெண்ட் கம்பெனிக்கு வித்தாச்சு. அவங்க விடற புகைய நம்ம மரம் இழுத்துக்குதுன்னு காட்டறாங்க. முப்பது வருசத்துக்குக் காடு நிக்கோணும்னு ஒப்பந்தம். இந்தக் கம்பெனியில லாபம் வந்த ஒரே யாவாரம் இதுதானுங்க."

"உள்ள விளையாட ஒரு ஆளும் இல்லியே."

"காட்டுக்குள்ள மனுசன் போகாம இருக்கறதுதானுங்க நல்லது. இயற்கை அது பாட்டுக்கு இருக்கும்."

"சரி, நிக்கட்டும். நிக்கிற மரத்துக்கு எதுக்கு இவ்வளவு மெசினு?"

கோகுல்நாத் இரக்கத்தோடு பார்த்தார். "மரம்னா அசையோணுமுங்க. ஒவ்வொரு இலையும் காத்துல எப்படி அசையும்னு மெசினு கணக்குப் போட்டுட்டே இருக்கோணும். அசையலீன்னா பட்டுப்போன மரம்னு எழுதிப்போடுவாங்க. முப்பது வருசம் இலை அசையறது சாமானியமான வேலையா? மெசினு கொதிக்குது. அஞ்சாவது போர் போடலாம்னு இருக்கோம்."

நார்மன் வீட்டுக்கு வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்தார். பிறகு அந்தப் பெட்டியைப் போட்டு, கைப்பிடியை எடுத்தார். கமிட்டி உறுப்பினர்களுக்கு நுழைவை யாரும் அடைக்கவில்லை. ஹரித்வனத்தில் காற்று வீசிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் மரங்கள், ஆளே இல்லாமல், இலை இலையாக அசைந்தன. அவர் தோளிலிருந்த கோடரியை இறக்கினார். ஒரு மரம் சாய்ந்தது. இன்னொன்று சாய்ந்தது.

"என்ன செய்யுதீங்க?" என்று கேட்டாள் பாக்கியவதி.

"காட்ட அழிக்கேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கை ஓய்ந்தபோது அவள் வாங்கி வெட்டினாள். அவளுக்கு அது அவரைவிட நன்றாக வந்தது. பல நாள் வெட்டினார்கள். வாழ்க்கையில் ஒரு செடியை மிதித்தறியாத இருவர், சமையலையும் மறந்து மும்முரமாக மரம் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களில் அவர்களுக்குள் சண்டையே வரவில்லை. கிழக்குப் பக்கம் நன்றாக வெளுத்துவிட்டதென்று பாக்கியவதி சொன்னாள்.

அப்புறம்தான் லாரிகள் வந்தன. ககன்லீலா வாசலில் வரிசையாக நின்று, பெரிய பெரிய பெட்டிகளை இறக்கின. நார்மன் கோகுல்நாத்துக்குப் போன் போட்டார்.

"நானே உங்களக் கூப்பிடோணும்னு இருந்தனுங்க," என்றார் கோகுல்நாத். குரலில் தேன் வடிந்தது. "யாரு வெட்டறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? வெட்டுங்க, நல்லா வெட்டுங்க. சர்டிபிகேட்ல ஒரு ஷரத்து இருக்குது. ஒரு மரம் விழுந்தா பதிலுக்குப் பத்து மரம் நட்டாகோணும். தானா முளைச்சுக்கும். உங்க புண்ணியத்துல காடு இப்ப எத்தனை பெருசாயிடுச்சு தெரியுங்களா? மெசினு பத்தாம புதுசா எறக்கறோம். டெல்லியில உங்களப் பத்தி ரொம்பப் பெருமையாப் பேசறாங்க."

நார்மன் போனை வைத்தார். என்னவென்று பாக்கியவதி கேட்டாள். சொன்னார். சொல்லும்போது அவள் கையில் இருந்த கைப்பிடியில் கட்டைவிரல் பழக்கத்தில் அழுந்தியது. திரையில் ஒரு மரம் சாய்ந்தது. அவள் கைப்பிடியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, எழுந்துபோய் அலமாரியைத் திறந்து துணிகளை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தாள். துவைக்கிற துணிகளை அல்ல, எல்லாத் துணிகளையும். வீட்டை விற்கலாமா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. தண்ணீர் இல்லாத வீட்டை யார் வாங்குவார்கள்?

ஜெரால்டின் பின்னறையை ஒழித்துத் தருவதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு ரிக்‌ஷா பிடித்தார்கள். காடு யாரால் பெருத்தது என்பது சுனிலுக்கும் எட்டியிருக்க வேண்டும், கீழே இறங்கி வரவில்லை. பால்கனியில் நின்றார், கையை உயர்த்துவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர் போல. மூட்டைகள் நடுவே பாக்கியவதி காலை நீட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். மகர்பட்டா தாண்டும்போது நார்மன் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"பாக்கியம், பாத்ரூம் குழாய மூடினியா?"

"இல்ல."

"திறந்தே கிடக்கா? தண்ணி வந்துட்டா வீடெல்லாம் ஓடுமே. கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாவளே." அவர் முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தொட்டார். "தாதா, ஜரா ருக்கோ."

டிரைவர் ஓரம் கட்டி நிறுத்தி, திரும்பவா என்று கேட்டார். நார்மன் மனைவியைப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரா சலோ பையா," என்றாள். "வராது."